எதிரே இருப்பவர் சொன்னது அதுதானா?

கிறிஸ்தவ ஒற்றுமை பற்றி யார் பேச எழுந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாசகம் வந்துவிடும். அடிப்படையானவற்றில் ஒற்றுமை, மற்றவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு. கூடவே "இது அகஸ்தீன் சொன்னது" என்று ஆதித் திருச்சபையின் அந்தப் பெரிய இறையியலாளர் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அகஸ்தீன் எழுத்துகளில் இது கிடையாது. 17ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியில் முப்பதாண்டுப் போர் ஊர்களைக் காலி செய்துகொண்டிருந்தபோது, ரூபெர்ட்டுஸ் மெல்தேனியுஸ் என்ற புனைபெயரில் ஒரு லூதரன் இறையியலாளர் எழுதிய சிறு நூலில் இருந்துதான் இது பரவியது. தன் சொந்தச் சபைக்காரர்களே உபதேசச் சண்டையில் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சலித்துப்போன மனிதர் அவர். அந்தச் சலிப்பு தெரிந்தால் வாசகத்துக்குக் கூடுதல் எடை வருகிறது என்பது என் எண்ணம், அகஸ்தீன் பெயர் அதற்குத் தேவையே இல்லை.

ஆனால் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எது அடிப்படை, எது அடிப்படை இல்லை என்று யார் முடிவு செய்வது? சண்டையே அதைப் பற்றித்தானே.

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் நடந்ததைப் பாருங்கள். மார்ட்டின் லூதரையும் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லியையும் ஒரே அறையில் உட்கார வைத்தவர் ஹெஸ்ஸே பகுதியை ஆண்ட பிலிப். அவருக்கு இதில் அரசியல் கணக்கும் இருந்தது, பேரரசருக்கு எதிராக, கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்கள் ஒரே அணியாக நின்றால் நல்லது என்று நினைத்தார். மூன்று நான்கு நாள் பேச்சு. மொத்தம் 15 கூறுகள் எழுதினார்கள், 14இல் உடன்பாடு. கடைசியாக மிஞ்சியது திருவிருந்து. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றனவா, அல்லது அவை அடையாளமா? லூதர் பேச்சு தொடங்குமுன்பே மேசைமேல் சாக்கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதி விரிப்பால் மூடி வைத்திருந்தாராம். வாதம் சூடானபோது விரிப்பை விலக்கி எழுத்தைக் காட்டினார். கடைசியில் ஸ்விங்லி கண்கலங்கிச் சகோதரராக ஏற்கும்படி கேட்டார், உங்கள் ஆவி வேறு என்ற பொருளில் லூதர் தரப்பு மறுத்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்விங்லி போர்க்களத்தில் இறந்துபோனார்.

பேச வருவதற்கு முன்பே மேசையில் முடிவை எழுதி வைத்துவிட்டு வந்த மனிதரை என்ன சொல்வது? கோபம் வருகிறது. ஆனால் லூதருக்கு அது வெறும் பிடிவாதம் இல்லை. கிறிஸ்து சொன்ன சொல்லை என் அறிவுக்கு எட்டும் அளவுக்கு வெட்டிக்கொண்டால், பாவமன்னிப்பு பற்றி அவர் சொன்ன சொல்லையும் நாளைக்கு யாரோ வெட்டுவார்களே என்ற பயம் அதற்குள் இருந்தது. ஸ்விங்லிக்கோ வேறு பயம்: பரலோகத்தில் இருக்கும் கிறிஸ்துவை ஒரு பொருளுக்குள் அடைத்து, மக்கள் அந்தப் பொருளை வணங்கத் தொடங்கிவிடுவார்களோ என்று. இரண்டு பயமும் நியாயமானவை. அந்த நாட்களில் அப்பத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள், தங்கள் பயத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

கிறிஸ்தவர்களின் பிரிவு வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி தோன்றுவது இதுதான். வேறுபாடுகள் உண்மையானவை, சும்மா பெரியவர்கள் வீம்புக்குப் பிரிந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த உண்மையான வேறுபாட்டைச் சுற்றி, எதிரே இருப்பவர் சொல்லவே சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நாம் கட்டிய சுவர் ஒன்று இருக்கும், அது அசல் வேறுபாட்டைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும். உரையாடல் என்று கிறிஸ்தவ வாழ்வில் சொல்வது முதலில் அந்தச் சுவரை இடிக்கும் வேலை. அசல் வேறுபாடு அதற்கு அப்புறம்.

இதற்கு, மேற்குத் திருச்சபையும் கீழைத் திருச்சபையும் பிரிந்ததாகச் சொல்லப்படும் 1054ஐ விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஜூலை 16 அன்று போப்பின் தூதரான கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோப்பிளின் ஹாகியா சோபியா ஆலயத்துப் பீடத்தின்மேல் ஒரு சபைநீக்கக் கடிதத்தை வைத்துவிட்டு வெளியேறினார். அதில் கீழைத் திருச்சபையாரான கிரேக்கர்கள்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, விசுவாச அறிக்கையில் ஆவியானவர் குமாரனிடமிருந்தும் புறப்படுகிறார் என்ற சொல்லை அவர்கள் நீக்கிவிட்டார்கள் என்பது. நீக்கவில்லை. அந்தச் சொல் மூல அறிக்கையில் இருந்ததே இல்லை, மேற்குத் திருச்சபைதான் பின்னால் சேர்த்துக்கொண்டது. அது மட்டுமா, அவரை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டார், தூதருக்கு அப்போது என்ன அதிகாரம் இருந்தது என்பதே கேள்விக்குரியது. அந்தக் கடிதம் சபிப்பதும் கீழைத் திருச்சபை முழுவதையும் அல்ல, தலைமை ஆயர் மிக்கேல் கெருலாரியஸையும் அவரைச் சேர்ந்தவர்களையும்தான். பதிலுக்கு கான்ஸ்டான்டிநோப்பிளும் தூதர்களைச் சபித்தது. பிரிவு அன்று ஒரே நாளில் நடந்துவிடவில்லை, 1204இல் சிலுவைப்போர் வீரர்கள் அதே நகரத்தைச் சூறையாடியதுதான் மக்கள் மனதில் ஆறாத புண் ஆனது. எப்படியோ, அந்த இரண்டு சாபங்களும் காகிதத்தில் 900 ஆண்டுக்கு மேல் கிடந்தன. 1964 ஜனவரியில் போப் ஆறாம் பவுலும் தலைமை ஆயர் அத்தனாகோரஸும் எருசலேமில் சந்தித்துக் கட்டித் தழுவிக்கொண்டார்கள், மறு ஆண்டு டிசம்பர் 7 அன்று இரு பக்கமும் அவற்றைத் திருச்சபையின் நினைவிலிருந்து அகற்றுவதாக அறிவித்தார்கள். அதனால் இரண்டும் ஒன்றாகிவிட்டனவா என்றால் இல்லை. ஆனால் பேச முடிகிறது.

இன்னும் பழைய பிரிவு 451இல் ஆயர்கள் கூடிய கல்செதோன் பொதுச்சங்கத்தில் வந்தது. கிறிஸ்துவில் இரண்டு இயல்புகள் என்று ஒரு சாரார், ஒன்றிணைந்த ஒரே இயல்பு என்று எகிப்து, சிரியா, ஆர்மேனியா பக்கத்து மரபினர். காது கொடுத்துக் கேட்டால் இரண்டு பக்கமும் அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்றுதான் அறிக்கையிட்டார்கள். 'இயல்பு' என்பதற்கான கிரேக்கச் சொல்லை ஒருவர் ஒரு பொருளிலும் மற்றவர் இன்னொரு பொருளிலும் கையாண்டார்கள், அதன் மேல் பேரரசின் படைபலமும் வந்து உட்கார்ந்துகொண்டது. 1973இல் ஆறாம் பவுலும் எகிப்தின் காப்டிக் திருச்சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டு, கிறிஸ்துவைப் பற்றித் தாங்கள் நம்புவது ஒன்றே என்று சொன்னார்கள். 1,522 ஆண்டு! இடையில் எத்தனை தலைமுறை ஒருவரையொருவர் தவறான விசுவாசக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்து முடித்துவிட்டது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் தமிழில் பைபிள் வாசிக்கிறவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ஒருவர் ஜெபம் என்பார், மற்றவர் செபம் என்பார். ஒருவருக்கு ஞானஸ்நானம், மற்றவருக்குத் திருமுழுக்கு. பரிசுத்த ஆவி, தூய ஆவியார். சுவிசேஷம், நற்செய்தி. ஒரு வாக்கியம் பேசினாலே போதும், எந்தச் சபை என்று எதிரே இருப்பவர் கணித்துவிடுவார், கணித்த நொடியில் அவர் முகத்தில் ஒரு கதவு சாத்துவதும் சில நேரம் தெரியும். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்துத் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பை 1995இல் கொண்டுவந்தார்கள். பெரிய காரியம். ஆனால் பழகிய சொல்லை விட யாருக்கும் மனம் வராது, பாட்டி சொல்லிக்கொடுத்த சொல் அது. விடவும் வேண்டாம், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. மற்றவர் சொல்லைக் கேட்டதும் அவர் விசுவாசத்தையே எடைபோடாமல் இருந்தால் போதும்.

சரி, நல்லெண்ணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவருகிறேன் என நினைக்க வேண்டாம். முறையும் வேண்டும். அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்தான கூட்டு அறிக்கையைப் பார்க்கலாம். லூதரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் கையெழுத்திட்டன. விஷயம், மனிதன் கடவுள்முன் நீதிமானாக்கப்படுவது எப்படி என்பது. 16ஆம் நூற்றாண்டுப் பிளவின் இதயமே அதுதான். இரு தரப்புக்கும் இடையே முறையான உலக அளவிலான பேச்சு 1967இல் தொடங்கியது, இந்தத் தாளுக்கு வந்து சேர 32 ஆண்டு.

அவர்கள் செய்தது பாதிக்குப் பாதி விட்டுக்கொடுக்கும் பேரம் அல்ல. முதலில் இருவரும் சேர்ந்து சொல்லக்கூடியதை ஒரே குரலில் எழுதினார்கள்: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைத்த விசுவாசத்தில், கடவுள் நம்மை ஏற்கிறார். அப்புறம் ஒவ்வொரு கூறிலும் கத்தோலிக்கர் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், லூதரன்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று தனித்தனியாக எழுதினார்கள், வித்தியாசத்தை மறைக்கவில்லை. அதன் பிறகுதான் முக்கியமான கேள்வி. நம் முன்னோர் அன்று எழுதிய கண்டனங்கள் இன்று எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்தத் தாளில் சொல்வதைத் தாக்குகின்றனவா? இல்லை என்று முடிவு செய்தார்கள். கண்டனங்களைப் பொய் என்று சொல்லவில்லை, அவை எச்சரிக்கும் ஆபத்து உண்மையான ஆபத்துதான், ஆனால் இவர் அந்த ஆபத்தில் நிற்கவில்லை என்றார்கள். முன்னோரை அவமதிக்காமலும் அவர்கள் வெறுப்பைச் சுமக்காமலும் நடக்க இப்படி ஒரு வழி இருக்கிறது. எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை, ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பிறகு மெதடிஸ்டுகள் 2006இலும், ஸ்விங்லி, கால்வின் மரபில் வந்த சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக அமைப்பு 2017இலும் அதில் இணைந்தன.

இதே முறையை இரண்டு சாதாரண விசுவாசிகளும் செய்யலாம், அதற்கு வத்திக்கான் வேண்டாம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியா என்று ஒரு நண்பரோடு வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இருவரும் வசனங்களை அடுக்குவோம், இருவருமே மற்றவர் வசனத்துக்குப் பதில் தயாராக வைத்திருப்போம், மேசையில் சாக்கட்டி எழுத்து மாதிரி. ஒருநாள் வாதத்தை நிறுத்திவிட்டு, உன் நிலைப்பாட்டை நான் சொல்கிறேன், சரியா என்று நீ சொல் என்று ஆரம்பித்தோம். மூன்று முறை சொல்லியும் அவர் "இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை" என்றார். நான்காவது முறைதான் தலையசைத்தார். மனம் திரும்பாமலேயே தண்ணீரை நம்பி ஒரு வாழ்நாளை ஓட்டிவிடுவார்களோ என்பதே அவர் கவலை. எனக்கோ கிருபை நம் முடிவுக்கு முன்பே வந்து நிற்கிறது என்பதை விட்டுக்கொடுக்க மனமில்லை. இன்றுவரை அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் அவர் கவலை எனக்கும் கவலையாகிவிட்டது, அதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமில்லை.

இங்கே அப்போஸ்தலர் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்துக்கு வரவேண்டும். எல்லாம் சாப்பிடலாம் என்று ஒரு கூட்டம், காய்கறி மட்டும் என்று ஒரு கூட்டம். பவுல் இரு பக்கத்துக்கும் ஒரே புத்திமதி சொல்லவில்லை என்பதை ரொம்ப நாள் நான் கவனிக்கவே இல்லை. சாப்பிடுகிறவனிடம், மற்றவனை அற்பமாக எண்ணாதே என்கிறார். சாப்பிடாதவனிடம், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்கிறார். சுதந்திரமாக இருப்பவனுக்கு வரும் நோய் ஏளனம்: இவர்கள் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறார்கள், பாவம், விவரம் இல்லை. கண்டிப்பாக இருப்பவனுக்கு வரும் நோய் தீர்ப்பு: இவர்கள் விசுவாசிகளே அல்ல. இன்றைக்கு எந்தச் சபைச் சண்டையை எடுத்தாலும், அந்நியபாஷையோ பெண்கள் குருத்துவமோ ஆராதனையில் டிரம்ஸோ, ஒரு பக்கம் உதட்டைச் சுழிப்பதையும் ஒரு பக்கம் விரலை நீட்டுவதையும் பார்க்கலாம். நான் பெரும்பாலும் சுழிக்கிற பக்கம். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நான் யாரையும் நரகத்துக்கு அனுப்பவில்லையே!

அதன் தொடர்ச்சியாக 15ஆம் அதிகாரத் தொடக்கத்தில் பலவீனரைத் தாங்குங்கள் என்ற பேச்சும் வருகிறது. அதை எவ்வளவு மோசமாக வளைக்க முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. 1857இல் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. கறுப்பின விசுவாசிகளும் வெள்ளையரும் ஒரே சபையில் சேர்ந்து வழிபடுவதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது, ஆனால் "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தேவைப்பட்ட இடங்களில் தனித்தனியே வழிபடலாம் என்றது. யாருடைய பலவீனம்? கறுப்பினத்தவரோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மனமில்லாத வெள்ளையரின் பலவீனம். ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காக எழுதப்பட்ட வசனத்தின் சாயலிலேயே மேசையை இரண்டாக்கினார்கள். சலுகையாகத் தொடங்கியது வழக்கமாகி, 1881இல் தனித் திருச்சபையாகி, கடைசியில் நிறவெறிக் கொள்கைக்கே இறையியல் முட்டுக்கொடுத்தது. 1982இல் அப்படிப் பிரித்துவைக்கப்பட்ட திருச்சபையே பெல்ஹார் என்ற இடத்தில் ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி மூன்றையும் அது ஒன்றோடொன்று பிணைத்துப் பேசுகிறது, நீதி இல்லாமல் வெறுமனே சேர்ந்திருங்கள் என்று சொல்ல அதற்கு மனமில்லை.

எனவே ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டவுடன் யார் அதைக் கேட்கிறார், யார் விலை கொடுக்கிறார் என்று பார்த்துவிடுவது நல்லது. அடிபட்டவரை அமைதியாக இருக்கச் சொல்வதற்கும், தவறு செய்த தலைவரைப் பற்றி வெளியே பேசாதே, சபையின் ஐக்கியம் கெட்டுவிடும் என்று மிரட்டுவதற்கும் இந்தச் சொல் பயன்படுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது உரையாடல் அல்ல, வாயடைப்பு. மத்தேயு 18இல் இயேசு சொன்ன முறையைக்கூடச் சிலர் இதற்கு இழுக்கிறார்கள், முதலில் தனியே போய்ப் பேசு என்று. அதே வசனங்கள் கேட்காவிட்டால் இரண்டு மூன்று பேரோடு போகவும், அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லவும் சொல்கின்றன என்பதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

பவுலும் பணிவான முகம் காட்டிக்கொண்டே போனவர் அல்ல. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டபோது, பவுல் அவரை முகமுகமாக, எல்லார் முன்பாகவும் எதிர்த்தார். கவனியுங்கள், அங்கேயும் விஷயம் யாரோடு மேசையில் உட்காருவது என்பதுதான். பிரிந்து போனவரிடம் சண்டை போட்டார், பிரிந்து போவதற்காகச் சண்டை போடவில்லை. ஆனால் அதே பவுல் மாற்குவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று பர்னபாவோடு மோதி ஆளுக்கொரு திசையில் போனதும் அப்போஸ்தலர் 15இல் இருக்கிறது, புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற சிக்கலை எருசலேமில் எல்லாரும் பேசித் தீர்த்த அதே அதிகாரத்தில். அந்த நூலை எழுதிய லூக்கா இதை மறைக்காமல் எழுதியதற்கு நான் நன்றியுள்ளவன். பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை அழைத்துவா, ஊழியத்தில் எனக்குப் பயன்படுவான் என்று பவுல் சொல்கிறார். நடுவில் எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நிறுவன அளவில் இணைவது இதைவிட மெதுவாக நடக்கும். 1919இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கரும், ஆயர்முறை இல்லாத தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூடிப் பேசத் தொடங்கினார்கள், மெதடிஸ்டுகள் பின்னர் சேர்ந்தார்கள், தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27இல். 28 ஆண்டு பேச்சின் பெரும்பகுதியைத் தின்றது ஒரே சிக்கல்: ஆயரால் குருப்பட்டம் பெறாத ஊழியர்களை என்ன செய்வது? மறுபடியும் பட்டம் கொடுத்தால் இதுவரை அவர்கள் செய்த ஊழியம் செல்லாது என்று ஆகிவிடும். யாருக்கும் மறுபட்டம் வேண்டாம், உள்ளபடியே ஏற்போம், இனிமேல் வருபவர்களுக்கு ஆயர்கள் பட்டம் கொடுக்கட்டும் என்று முடித்தார்கள். ஒருவரை இணைத்துக்கொள்வதற்காக அவர் கடந்த காலத்தைப் பொய்யாக்காமல் விட்டது எனக்கு இதில் பிடித்த பகுதி. தரங்கம்பாடியில் முன்னின்ற பேராயர் அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலை நாட்டு மிஷனரிகளிடம் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர், 1945 ஜனவரி முதல் நாளே இறந்துவிட்டார். அவர் பார்க்கவில்லை.

மார்பர்க்கில் முறிந்த பேச்சு என்ன ஆனது? 1973இல் சுவிட்சர்லாந்தின் லாய்ன்பெர்க்கில் ஐரோப்பாவின் லூதரன் திருச்சபைகளும் சீர்திருத்தத் திருச்சபைகளும் உடன்பாடு கண்டு, ஒருவர் பீடத்தில் மற்றவர் திருவிருந்து பெறலாம் என்று ஒத்துக்கொண்டன. 444 ஆண்டுக்குப் பிறகு. ஆனால் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் மற்றவர்களும் இன்னும் ஒரே மேசையில் இல்லை. திருச்சபை என்றால் என்ன, குருத்துவம் என்றால் என்ன என்ற கேள்விகள் தீராமல் அப்பத்தை மட்டும் பகிர்வது பொய்யாகும் என்று ஒரு தரப்பு, பகிர்ந்துகொண்டே போனால்தான் அந்தக் கேள்விகள் தீரும் என்று ஒரு தரப்பு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் முதல் தரப்பின் நேர்மையைக் குறை சொல்ல முடியவில்லை. கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்று இருக்கும் வீடுகளில் இது ஞாயிறுதோறும் நடக்கிறது: ஒருவர் எழுந்து வரிசையில் போகிறார், மற்றவர் அதே பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் திரும்பி வருவதற்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொள்கிறார்.